கோடு போட்டார்கள், பாதை பிறந்தது!

அமெரிக்கா என்றதும் நம் மனக்கண் முன் வந்து நிற்பது மோட்டார் கார்தான். பால் வாங்கக் கார், தபால் போடக் கார், நாலு வீடு தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டு வரவும் கார். அந்த தேசத்தில் கார் இல்லாதவர் பாடு, ஐப்பசி அடைமழையில் குடையில்லாமல் அகப்பட்டுக் கொண்டவர் பாடுதான்.

அப்பேர்ப்பட்ட தேசத்திலே, காலிபோர்னியா மாகாணத்திலே, டேவிஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. மாகாணத் தலைநகரமான சாக்ரமெண்டோவுக்கு மேற்கே சுமார் 15 மைல். அந்த ஊர் நகரசபையின் சின்னம் என்ன தெரியுமா? சிங்கமல்ல, கழுகுமல்ல. முன் சக்கரம் ஆள் உயரமும் பின் சக்கரம் தாம்பாளம் அளவும் உள்ள அந்தக் காலத்துச் சைக்கிள்!

ஊரின் ஜனத்தொகை 65,000-க்குச் சற்று மேல். அங்கே உள்ள சர்வகலாசாலையில் படிப்பவர்களோ சுமார் 40,000 பேர். அவர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்பு ஆரம்பமாகும் அந்தப் பத்து நிமிஷத்தில் நடுவளாகத்தில் நின்று பார்த்தால் தலை சுற்றும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சைக்கிள்! பாதைகள் சந்திக்கும் இடங்களில், பெரிய நகரங்களில் மோட்டாருக்குப் போடுவது போலவே வட்டமான மேடை கட்டிச் சைக்கிள்களைச் சுற்றிப் போகச் செய்திருக்கிறார்கள். செப்டம்பர் மாதக் கடைசியில் புது மாணவர்கள் வந்து சேர்வார்கள். பழக்கமில்லாமல் ஒருவர் மேல் ஒருவர் மோதி விழுவார்கள். பழைய மாணவர்கள் புல்தரையில் உட்கார்ந்து இந்த வேடிக்கையைக் கண்டு களிப்பார்களாம். இந்த விஷயத்தில் எல்லா தேசத்து மாணவர்களும் ஒன்றுதான் போலிருக்கிறது!

இதெல்லாம் அந்த ஊர்க்காரர்களுக்குச் சைக்கிள் மேல் திடீரென்று பிறந்த காதலால் வந்ததல்ல. புத்திமதி சொல்லி வந்ததும் அல்ல. அதன் பின்னே ஒரு குடும்பத்தின் கதை இருக்கிறது. ஒரு தேர்தலும் இருக்கிறது.

டேவிஸ் சர்வகலாசாலை ஆரம்பத்தில் ஒரு விவசாயப் பண்ணைதான். 1908-ஆம் வருஷத்தை ஒட்டி மாடு, பால், திராட்சை என்று பாடம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கிய இடம். 1959-இல் அதை எல்லாப் பாடங்களும் கற்பிக்கும் முழுச் சர்வகலாசாலையாக உயர்த்தினார்கள். அந்த வருஷம் தலைமைப் பதவிக்கு வந்தவர் எமில் ம்ராக். அவர் உணவு விஞ்ஞானி. மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். மாவு பொங்குவது போல மாணவர் கூட்டமும் பொங்கப் போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இத்தனை பேரும் காரில் வந்தால் என்ன ஆகும்? படிப்பதற்கென்று இருக்கும் நிலத்தில் பாதி, கார் நிறுத்துவதற்கே போய்விடும்.

ஊரோ சமையலறைத் தரை மாதிரி மட்டமான பூமி. மேடு பள்ளம் கிடையாது. ஆகவே சைக்கிளுக்கும் மரநிழலுக்கும் ஏற்றபடி வளாகத்தை அமைக்க வேண்டும் என்று கட்டடக் கலைஞர்களிடம் சொல்லிவிட்டார் ம்ராக். வந்து சேரும் மாணவர்களையும் சைக்கிள் கொண்டு வரும்படி தூண்டினார். அறுபதுகளில் நடுவளாகத்துக்குள் கார்கள் நுழைவது நின்றது.

நல்லது. வாசலுக்குள்ளே அவர் வைத்தது சட்டம். வாசலுக்கு வெளியே?

அங்கேதான் இருக்கிறது சங்கடம். மாணவன் வளாகத்துக்குள்ளேயே பிறந்து வளருவதில்லை. ஊருக்குள் எங்கேயோ அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். அங்கிருந்து வாசல் வரைக்கும் அவனும் அவன் சைக்கிளும் சீறிக் கொண்டு போகும் கார்களுக்கு நடுவே வந்தாக வேண்டும். மாணவனாவது இளவட்டம், துணிந்து வருவான். குழந்தையைப் பின்னால் உட்கார வைத்துக் கொண்டு கடைக்குப் போக வேண்டிய தாயார் என்ன செய்வாள்? எந்தக் கலாசாலைத் தலைவரும் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருடைய அதிகாரம் கேட்டோடு முடிந்து விடுகிறது. பெண்ணை அனுப்பலாமா வேண்டாமா என்று வீட்டில் இருப்பவர்கள் தீர்மானிப்பதோ கேட்டுக்கு இந்தப் பக்கத்துச் சாலையைப் பார்த்துத்தான்.

1963-ஆம் வருஷக் கோடையில், அந்தச் சர்வகலாசாலையின் பொருளாதாரப் பேராசிரியர் பிராங்க் சைல்ட் என்பவர் மனைவி ஈவ், குழந்தைகள் சகிதமாக ஹாலந்து தேசத்திலுள்ள ஹேக் நகரில் போய்த் தங்கினார். ஹாலந்தில் சைக்கிள் என்பது ஏழையின் வாகனமும் அல்ல. பையன்களின் விளையாட்டுச் சாமானும் அல்ல. உத்தியோகஸ்தரும் அதில்தான் போவார். காய்கறி வாங்கப் போகும் அம்மாளும் அதில்தான் போவாள். பல சாலைகளில் அதற்கென்று தனிப் பாதையும் உண்டு. சைல்ட் குடும்பமும் அந்தக் கோடையைச் சைக்கிளிலேயே கழித்தது.

நாம் வெளியூர் போய் வந்தால் என்ன செய்வோம்? வாங்கி வந்த சாமானைக் கடை பரப்புவோம். ஒரு வாரத்துக்கு அந்த ஊர்ப் பெருமையைப் பேசுவோம். பிறகு மறந்து போவோம். சைல்ட் தம்பதியரோ ஹாலந்திலிருந்து ஒரு யோசனையை மூட்டை கட்டிக் கொண்டு வந்திருந்தார்கள். ‘நம் ஊரும் மட்டமான பூமிதானே? இங்கேயும் தெருவில் சைக்கிளுக்கென்று இடம் ஒதுக்கினால் என்ன?’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். நண்பர்கள் சிலர் சேர்ந்தார்கள். பத்திரிகைக்குக் கடிதம் போயிற்று. மனு தயாராயிற்று, கையெழுத்துகள் சேர்ந்தன.

நகரசபை அசைந்து கொடுக்கவில்லை. சாலை என்றால் காருக்கு. கார் அதிகமானால் சாலையை இன்னும் அகலமாக்க வேண்டியது. அந்தக் காலத்து நியாயம் அதுதான். அந்தக் காலத்து நியாயம் என்றா சொன்னேன்? இன்றைக்கும் பல ஊர்களில் அதே நியாயம்தான் நடக்கிறது.

1966-இல் நகரசபைத் தேர்தல் வந்தது. சைக்கிள் பாதையே தேர்தல் பிரச்னையாகிவிட்டது! குடிநீர் வரி, சாக்கடை, விளக்கு என்று எத்தனையோ காரணங்களுக்காகத் தேர்தல் நடந்து பார்த்திருக்கிறோம். சைக்கிளுக்காக நடந்த தேர்தலை எங்கே கண்டோம்? சைக்கிள் பாதைக்கு ஆதரவாக நின்றவர்கள் ஜெயித்தார்கள். மனுவைத் தள்ளிய நகரசபை, வாக்குச் சீட்டைத் தள்ள முடியவில்லை.

அப்புறமும் ஒரு முட்டுக்கட்டை. பொதுச் சாலையில் ஒரு பகுதியைச் சைக்கிளுக்கென்று ஒதுக்கி வைக்க மாகாணச் சட்டத்தில் இடமே இல்லை! அந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. 1967-இல் திருத்தம் நிறைவேறிற்று. அதில் கையெழுத்திட்டவர், அந்த வருஷம்தான் கவர்னர் பதவி ஏற்றிருந்த சினிமா நடிகர் ரொனால்ட் ரீகன். பிற்பாடு ஜனாதிபதியான அதே ரீகன்தான். டேவிஸ் ஊரின் எட்டாவது தெருவில் வெள்ளைக் கோடு விழுந்தது. அமெரிக்க தேசத்தில் சைக்கிளுக்கென்று அதிகாரபூர்வமாக ஒதுக்கப்பட்ட முதல் தெருப் பாதை அதுதான்.

கோடு போடச் சொன்னால் ரோடு போடுகிறவர்கள் என்று சிலரைச் சொல்வோமல்லவா? இங்கே ரோடு ஏற்கெனவே இருந்தது. கோடு போடுவதற்குத்தான் நாலு வருஷம் பிடித்தது!

கோட்டை எங்கே போடுவது என்பதிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. முன் மாதிரி என்று பார்க்க அந்த தேசத்தில் எதுவும் இல்லாததால், எஞ்சினீயர்கள் மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தார்கள். ஓடுகிற கார்களுக்கும் ஓரமாக நிற்கிற கார்களுக்கும் இடையே சைக்கிள் பாதை என்பது ஒன்று. நிற்கிற கார்களுக்கும் நடைபாதைக்கும் இடையே என்பது இன்னொன்று. சாலையை விட்டே விலகித் தனி வழி என்பது மூன்றாவது.

தாய்மார்களைக் கேட்டால் இரண்டாவதுதான் பத்திரம் என்பார்கள். நிற்கிற கார் வரிசையே மதில் சுவர் மாதிரி காவலாக இருக்கிறதே! ஆனால் அனுபவத்தில் வேறு விதமாகத் தெரிந்தது. தெருமுனையில் காரைத் திருப்புகிறவர் கண்ணுக்கு அந்த மதிலுக்குப் பின்னால் வரும் சைக்கிள் தெரிவதில்லை. நடுத்தெருவில் கிடைத்த பாதுகாப்பு முச்சந்தியில் பறிபோயிற்று. ஆகவே அந்த முறையைக் கைவிட்டார்கள். இந்த ஆராய்ச்சியில் முன் நின்ற ஒரு தம்பதியர் டேல் லாட், டோனா லாட் என்பவர்கள். கோடு போட்ட தெருக்களில் சைக்கிள் விபத்து குறைந்ததா என்று கணக்கெடுத்து, குறைந்தது என்று 1976-இல் கட்டுரை வெளியிட்டார்கள். டேல் லாட், அமெரிக்கக் காட்டெருமைகளின் நடத்தையை ஆராய்ந்த நிபுணர். மோட்டார்காரர்களின் நடத்தை அவருக்கு அதிக வித்தியாசமாகப் பட்டிருக்காது!

“எல்லோராலும் சைக்கிள் மிதிக்க முடியுமா? மழை நாளில் என்ன செய்வது? உடம்பு சரியில்லாவிட்டால்?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. டேவிஸிலும் கோடையில் வெயில் கொளுத்தும்; குளிர் காலத்தில் பனிமூட்டம் கண்ணை மறைக்கும்.

அதற்கு மாணவர்களே ஒரு வழி செய்தார்கள். 1968-இல் மாணவர் சங்கம் லண்டனிலிருந்து இரண்டு பழைய மாடி பஸ்களை வாங்கி ஓட்ட ஆரம்பித்தது. சென்னையில் மாடி பஸ் ஓடிய நாளில் மாடியில் முன் ஸீட்டுக்குப் போட்டி போட்டவர்களுக்கு அந்த உற்சாகம் புரியும். பஸ்ஸை ஓட்டுகிறவர்களும் மாணவர்களே. காலையில் ரசாயனப் பரீட்சை, மாலையில் பஸ் ஓட்டுதல் என்று சம்பாதித்துக் கொண்டே படிக்கிற மாணவிகளும் இவர்களில் உண்டு. நாலைந்து வருஷத்துக்குள் ஊர் ஜனங்களும் அந்த பஸ்களில் ஏறத் தொடங்கினார்கள். யூனிட்ரான்ஸ் என்ற அந்த ஸ்தாபனம், இரண்டு பஸ்ஸில் ஆரம்பித்து, ஊர் முழுவதற்கும் பஸ் விடும் ஸ்தாபனமாக வளர்ந்துவிட்டது. டிக்கெட் பணம் மாணவர்களின் சம்பளத்தோடு சேர்ந்து வசூலாகிவிடுகிறது. ஏறும்போது அடையாளச் சீட்டைக் காட்டினால் போதும்; சில்லறைத் தகராறு இல்லை.

இரவு வேளையில் நூல் நிலையத்திலிருந்து தனியே திரும்ப வேண்டியவர்களை அழைத்துப் போய் விடவும் வண்டி ஏற்பாடு இருக்கிறது. காரை விட்டுவிட்டு வருகிற உத்தியோகஸ்தர்களுக்கு அவசரமாக வீடு திரும்ப நேர்ந்தால், குழந்தைக்கு ஜுரம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து டெலிபோன் வந்தால், செலவில்லாமல் கொண்டு போய்ச் சேர்க்கும் ஏற்பாடும் உண்டு. வருஷத்தில் ஒரு தரம் கூட அது தேவைப்படாமல் போகலாம். ஆனாலும் வேலைக்குப் போகும் தாயார் ஒருத்தி காரை வீட்டில் விட்டுவிட்டு நிம்மதியாகப் புறப்படுவதற்கு அதுதான் காரணமாக இருக்கும். இதை யோசித்துச் செய்தவர், ஆணோ பெண்ணோ, குடித்தனம் நடத்தத் தெரிந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

டேவிஸ் கதை முழுவதும் வெற்றிக் கதையும் அல்ல. 1980-இல் அந்த ஊரில் வேலைக்குப் போகிறவர்களில் 100-க்கு 28 பேர் சைக்கிளில் போனார்கள். 2000-இல் அது சுமார் 14 ஆகிவிட்டது. நேர் பாதி! ஊர் பெருத்தது, தூரம் கூடிற்று. வீட்டு வாடகை ஏறியதால், சர்வகலாசாலையில் வேலை செய்கிறவர்கள் பக்கத்து ஊர்களிலிருந்து காரில் வர ஆரம்பித்தார்கள். பஸ் வசதியாகிவிட்டதால் சைக்கிளை விட்டு பஸ்ஸில் ஏறிய மாணவர்களும் உண்டு. அதைக் குறை சொல்ல முடியாது. ‘நாம்தான் சைக்கிள் பட்டணமாயிற்றே!’ என்ற மெத்தனமும் ஊருக்கு வந்துவிட்டது என்று அங்குள்ளவர்களே ஒப்புக் கொள்கிறார்கள். பிறகு விழித்துக் கொண்டு ஓரளவு தலை நிமிர்ந்திருக்கிறார்கள். 2015-இல், அன்று காலை வாரிவிட்ட அதே முச்சந்திப் பிரச்னைக்கு ஹாலந்துப் பாணியிலேயே பரிகாரம் தேடி, கார் திரும்பும் முனைகளில் சிறு மேடைகள் கட்டி, சைக்கிள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி ஒரு சந்திப்பை அமைத்தார்கள். அமெரிக்காவில் அந்த மாதிரியில் அதுவே முதலாவது என்று சொல்லப்படுகிறது. சைல்ட் குடும்பம் ஹேக் நகரிலிருந்து திரும்பி அப்போது 52 வருஷம் ஆகியிருந்தது!

தூரத்திலிருந்து காரில் வருகிறவர்களை என்ன செய்வது? இதற்கு அதே மாகாணத்திலுள்ள ஸ்டான்போர்ட் சர்வகலாசாலை ஒரு வழி கண்டது. 2000-இல் அது புதுக் கட்டடங்கள் கட்ட அனுமதி கேட்டபோது, ‘கட்டிக் கொள்ளுங்கள்; ஆனால் காலை, மாலை நெருக்கடி நேரத்தில் வந்து போகும் கார்களின் எண்ணிக்கை ஏறக் கூடாது’ என்று உள்ளூர் அதிகாரிகள் நிபந்தனை போட்டார்கள். ஆளும் கட்டடமும் கூட வேண்டும், கார் மட்டும் கூடக் கூடாது! நம் வீட்டில் விருந்தாளி பத்துப் பேர் அதிகம், ஆனால் அரிசி அதே படிதான் என்பது போல.

சர்வகலாசாலை கணக்குப் பார்த்தது. கார்கள் நிறுத்தப் பல மாடிக் கட்டடம் எழுப்பினால், ஒரே ஒரு கார் நிற்கும் இடத்துக்குப் பல பதினாயிரம் டாலர் ஆகும். அதற்குப் பதிலாகக் கார் கொண்டு வராதவர்களுக்குக் கையில் பணம் கொடுத்தாலே லாபம்! அப்படியே செய்தார்கள். காரை நிறுத்தக் கட்டணம். காரை விட்டுவிட்டு வந்தால் வெகுமதி. உத்தியோகஸ்தர்களுக்கு ரயில் பாஸும் இனாம். 2002-இல் 100-க்கு 72 பேர் தனியாகக் காரோட்டி வந்த இடத்தில், பத்து வருஷத்துக்குள் அது சுமார் 50-க்கு வந்துவிட்டது.

எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ‘கார் நிறுத்த இடம் இலவசம்’ என்று பல ஸ்தாபனங்கள் பெருமையாகச் சொல்லிக் கொள்கின்றன. இலவசம் யாருக்கு? நிலத்துக்கு விலை இல்லையா, கட்டடத்துக்குக் கூலி இல்லையா? பஸ்ஸிலும் கால்நடையாகவும் வருகிறவர்கள் பங்கையும் சேர்த்துத்தான் கார்காரருக்கு இடம் கிடைக்கிறது. ஸ்டான்போர்டில் ஓடும் இலவச பஸ்ஸுக்கு மார்கரீட் என்று பெயர். யாரோ சீமாட்டியின் பெயர் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த நாளில் ஊரிலிருந்து சர்வகலாசாலைக்கு வண்டி இழுத்த குதிரையின் பெயர் அது!

நம் சென்னையிலும் கேட்டுக்குள்ளே ஒரு டேவிஸ் இருக்கிறது. 1959-இல் கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில் எழும்பிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைத்தான் சொல்கிறேன். விடுதி மாணவர்கள் மோட்டார் வண்டி வைத்துக் கொள்ளக் கூடாது என்ற விதி அங்கே உண்டு. புள்ளிமானும் வெளிமானும் நடமாடும் இடம் அல்லவா? பையன்களும் பெண்களும் சைக்கிளில் பறப்பார்கள். வளாகத்துக்குள்ளே பஸ்ஸும் ஓடும். ஆலமர நிழலில் அந்தக் காட்சியைப் பார்த்தால் மனம் குளிரும். ஆனால் கேட்டைத் தாண்டி வெளியே காலை வையுங்கள். சர்தார் பட்டேல் சாலை! அந்த வாகன வெள்ளத்தில் உங்கள் பெண்ணைச் சைக்கிளில் அனுப்புவீர்களா? நான் அனுப்ப மாட்டேன்.

பஸ் விஷயத்தில் தமிழ் நாட்டுக்குப் பெருமைப்பட இடமிருக்கிறது. சாதாரணக் கட்டண நகர பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்ற ஏற்பாடு 2021 மே மாதம் வந்தது. ஸ்கூட்டருக்கும் பெட்ரோலுக்கும் வழியில்லாத வீட்டுப் பெண், கலாசாலைக்குப் போக ‘பஸ்ஸுக்குக் காசு’ என்று யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு கேட் வரைக்கும் உள்ள அரை மைல்தான் பாக்கி. விளக்கு இல்லாத அந்த அரை மைலுக்குப் பயந்து, கடன் வாங்கி ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்த பெற்றோர்களை எனக்குத் தெரியும்.

பெண்ணைக் கலாசாலையில் சேர்க்கப் போகும்போது சம்பளம் எவ்வளவு, விடுதிச் சாப்பாடு எப்படி என்று கேட்கிறோம். அதோடு இன்னும் நாலு வார்த்தை கேட்டு வையுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு? பஸ் நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரைக்கும் விளக்கு உண்டா, நடக்க நடைபாதை உண்டா? பரிசோதனைச் சாலை முடிந்து இருட்டில் திரும்பும் பெண்களுக்கு என்ன ஏற்பாடு? சைக்கிளுக்குக் கூரை போட்ட கொட்டகை இருக்கிறதா, அல்லது வெயிலில் ஸீட் கொதிக்கட்டும் என்று விட்டிருக்கிறார்களா? பத்துப் பெற்றோர் கேட்டால் பிரின்ஸிபால் யோசிப்பார். நூறு பெற்றோர் கேட்டால் நகரசபைக்கு எழுதுவார்.

டேவிஸ் சர்வகலாசாலையில் பழைய பண்ணைக் கட்டடம் ஒன்றிலே மாணவர்களே நடத்தும் சைக்கிள் ரிப்பேர்க் கடை இருக்கிறது. வளாகத்தில் ஆங்காங்கே காற்றடிக்கும் குழாயும் வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் நின்று அடித்துக் கொண்டு போகலாம். காசு கிடையாது.